கோட்டுக்குக் காது இருக்கா?

ஒரே ஹாலை ஒரே மதியத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த மேனேஜர் அன்று லீவில் போய்விட்டார். ஆகவே பின்னால் நடந்த அத்தனைக்கும் முழுப் பொறுப்பு அவருடையதுதான்.

அவள் பியானோவின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, நாற்பத்தோராவது கட்டையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அங்கே கச்சேரி. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். ஒவ்வொன்றையும் முறுக்கி, தட்டி, காது கொடுத்து, மறுபடி முறுக்கி... சுருதி சேர்ப்பவளுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. கையில் ஒரு திருகுசாவி, சுற்றிலும் மௌனம். முதலாவது இருந்தது.

இரண்டாவது, கதவைத் தள்ளிக்கொண்டு வந்த இருபத்திரண்டு ஆண்களின் செருப்புக் காலில் நசுங்கியது. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு கருத்து. இசைத்தட்டு ரசிகர் சங்கத்தின் வருடாந்தர விவாதமாம். தலைப்பு: இசைத்தட்டைச் சுற்றவைக்கும் டர்ன்டேபிள்களில் உலகிலேயே சிறந்தது எது?

இருபத்துமூன்றாவது ஆள் மட்டும் வாசலிலேயே நின்றான். நெஞ்சோடு அணைத்த பெரிய மரப்பெட்டி. மழைத் துளிகள் ஒட்டிய முன்முடி. அவள் தட்டியிருந்த ஸ்வரம் இன்னும் காற்றில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது முழுக்க அடங்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, அப்புறம்தான் காலை உள்ளே வைத்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்கள்... சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், பெரிய கண்கள் ஒன்றும் இல்லை. ஆனால் காது கேட்கிற கண்கள். அப்படி ஒன்று உண்டா என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

“அடங்கட்டும்னு நின்னேன்,” என்றான் அவன்.

“உங்க கூட்டத்தையும் அடங்கச் சொல்லுங்க.”

“அது என்னால முடியாதுங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். நடுவுல நின்னுபோனதைத்தான் ஓட வைப்பேன். ஓடுற வாயை நிறுத்தத் தெரியாது.”

சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடுத்த கட்டையைத் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினாள்.

சங்கத் தலைவர் சமாதானத்துக்கு வந்தார். வெள்ளைக் கைக்குட்டை, கனைப்பு, இரண்டடி முன்னால் வந்து நிற்கும் வயிறு. மூன்று மணிக்குள் அவள் முடித்துக்கொள்ளலாம் என்றும், அதுவரை சங்கம் மௌனமாக விவாதிக்கும் என்றும் வாக்குக் கொடுத்தார். மௌனமாக விவாதிப்பது எப்படி என்று அவள் கேட்கவில்லை. அடுத்த நொடியே தெரிந்துபோயிற்று.

பெல்ட்டால் சுற்றுவதுதான் இசை, மோட்டார் நேராகச் சுற்றினால் அது வெறும் மாவு மிஷின் என்றார் ஒருவர். மோட்டார் கட்சிக்காரர் ஒருவர், பெல்ட் என்பது கால்சட்டைக்கு என்றார். தட்டு கனமாக இருக்கவேண்டும் என்றார் மூன்றாமவர். தட்டல்ல, அதை வைக்கும் மேஜை என்றார் நான்காமவர். மேஜையே அல்ல, சுவரிலிருந்து வரும் மின்கம்பி மணிக்கட்டுத் தடிமன் இருந்தாலொழிய தன்னால் பாட்டே கேட்க முடியாது என்றார் ஒரு பல் டாக்டர். இத்தனைக்கும் நடுவே அவள் தனியொருத்தியாக உச்ச ஸ்தாயிக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒலியின் நுணுக்கம் பற்றி இவ்வளவு சத்தம் போடக்கூடிய பிராணி வேறு உண்டா...

போட்டி கடைசியில் இரண்டு டர்ன்டேபிள்களுக்கு இடையே என்று ஆயிற்று. ஒன்று தலைவருடையது. ஒன்பது வருடமாக ஜெயிப்பது. பளிங்குத் தட்டு, தங்கப் பூச்சுக் கை, பட்டு நூலை முறுக்கித் தனியாகச் செய்வித்த பெல்ட். தூக்கி வைக்கவே நாலு பேர். மற்றது லிஃப்ட் மெக்கானிக் நாலு வருடம் உட்கார்ந்து தன் கையால் செய்தது. பெல்ட்டே கிடையாது, தட்டுக்கு நேர் கீழே மோட்டார். பார்க்க மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருந்தது. ஜெயிப்பது எதுவோ அதன் படம் சங்கத்து அறையில் ஒரு வருடம் தொங்கும்.

ஓட்டெடுத்தார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று. ஒருவர் தூங்கிவிட்டார். மெக்கானிக்குக்குக் கை தூக்கியவர்களில் பாதிப்பேருக்கு அவன் டர்ன்டேபிள் பிடித்தது என்றில்லை, தலைவரைப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் யாரோ அவளைக் கவனித்தார்கள். சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காதை வைத்துப் பிழைக்கிறவள், எந்தக் கட்சியும் இல்லாதவள். அவளே சொல்லட்டும் என்றது சங்கம்.

வேண்டாம் என்று போயிருக்கலாம். அவன் பார்த்தான்... போகவில்லை.

ஒரே இசைத்தட்டு, ஒரே பாட்டு. பின்னால் பியானோ மட்டும் வாசிக்க ஒரு பெண் பாடுகிறாள். முதலில் தலைவருடையதில் முள்ளை இறக்கினார்கள். அவள் அப்போதுதான் சேர்த்து முடித்த பியானோவில் மெல்ல ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டன. அடுத்து அவனுடையது. குரல் தெளிவாக, பக்கத்தில் நின்று பாடுவது போல வந்தது. ஆனால்... சுருதி ஏறியிருந்தது, தட்டு வேகமாகச் சுற்றினால் ஏறுவது போல. கால் ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கம்மி. மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்குச் செருப்பில் மாட்டிய கல் போல உறுத்தியது.

இவன் ஜெயிக்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்ததை அந்தக் கணம்தான் உணர்ந்தாள். உடனே தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் குரல் தேவைக்கு மேல் கறாராகிவிட்டது.

“இது வேகமா ஓடுது.”

அவன் கோபப்படவில்லை. பையிலிருந்து வட்டமான ஓர் அட்டையை எடுத்துத் தன் தட்டின்மேல் வைத்தான். அட்டையின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள். வேகம் சரியாக இருந்தால், அதற்கென்ற விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றது போலத் தெரியும். விளக்கைப் பிடித்தான். கோடுகள் சிலை மாதிரி நின்றன.

“நகரலைங்க, பாருங்க.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தவறாத காது. கேவலம், ஓர் அட்டை...

“கோட்டுக்குக் காது இருக்கா?” என்றாள்.

ஹாலே சிரித்தது. தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவருடைய தட்டின்மேல் அந்த அட்டையை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்குத் தைரியமில்லை. பத்தாவது வருடமாக அவரே ஜெயித்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டில் அவன் நின்றிருந்தான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் குடை. குடை முழுக்கப் பெட்டிக்கு மேல், தோள் நனைந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் குடையைக் கொஞ்சம் நகர்த்தினான். பஸ் ஸ்டாப் வரைக்கும் மூன்று பேரும் போகலாம் என்றான். பெட்டியையும் சேர்த்து மூன்று.

போகலாம்தான். ஆனால் தான் தோற்கடித்தவனின் குடைக்குள் எந்த முகத்தோடு நுழைவது...

“வேணாங்க. உங்களுக்கும் எனக்கும் சுருதி சேராது,” என்றாள்.

அவன் தலையாட்டினான். மழைக்குள் இறங்கிப் போனான். அவள் இன்னொரு பக்கமாக, தொப்பலாக நனைந்துகொண்டு, தன் சாமர்த்தியமான பதிலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

வீட்டில் அப்பா பூரித்துப்போனார். அவரும் சுருதி சேர்ப்பவர்தான். எங்கள் காது தப்பாது என்பது அந்த வீட்டின் வேதவாக்கு. அந்த வீட்டில் எதுவுமே தப்பாது. ஒருமுறை காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்ட அப்பா, தனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சொல்லி டம்ளரைக் கவிழ்க்கும்வரை குடித்தார். சாயங்காலம் டாக்டர் வந்தார். ‘நான் செஞ்சது தப்பு’ என்ற வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சுவர்களுக்குள் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்துத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். தம் வீட்டுப் பியானோவுக்கும் அந்தத் தெய்வீகக் காதுதான் சுருதி சேர்க்கவேண்டுமாம். போனாள். சேர்த்தாள். முடித்ததும், அவளைக் கௌரவிக்கும் விதமாக, பளிங்குத் தட்டில் ஓர் இசைத்தட்டைச் சுற்றவிட்டார்.

அது அவள் ஆறு வயதிலிருந்து விரல் நுனியில் வைத்திருக்கும் பியானோ உருப்படி. முதல் ஸ்வரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இறங்கியிருந்தது. எழுந்து போய்ப் பியானோவில் தொட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. வேறொன்று போடச் சொன்னாள். அதுவும் இறங்கியிருந்தது, அதே அளவு. இன்னொன்று. அதே அளவு.

“எவ்வளவு இதமா இருக்கு பாத்தீங்களாமா,” என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

பட்டு பெல்ட் நைந்து நழுவி, தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் இதம் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லிப் பார்த்தாள். பட்டுக்கு நழுவல் ஒரு நளினம் என்று அவர் விளக்கினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எதைப் போட்டாலும் இறங்குகிற தட்டில், போட்டியன்று வைத்த அந்த ஒரே பாட்டு மட்டும் சரியாக நின்றது என்றால்... அந்த இசைத்தட்டே ஏறியிருக்கிறது. பதிவு செய்த அன்றைக்கு அங்கிருந்த பியானோவை எவளோ ஒருத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தன்னைப் போலவே, தன் காது தப்பாது என்கிற எவளோ ஒருத்தி. அவன் டர்ன்டேபிள் உள்ளதை உள்ளபடி பாடியது. பொய்யும் பொய்யும் சேர்ந்து சரியானதற்கு அவள் பரிசு கொடுத்தாள்.

கோடு சரி. காது தப்பு.

மூன்று நாள் அந்த வாக்கியத்தை மென்று பார்த்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாலாம் நாள் சங்கத்துச் செயலாளரிடம் விசாரித்தாள். அவன் சங்கத்திலிருந்து விலகிவிட்டானாம். காலையில் எந்தக் கட்டடத்தில் வேலை என்பது மட்டும் தெரியும் என்றார்.

ஆறு மாடிக் கட்டடம். கீழே ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்ற பலகை. படியேறினாள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. உள்ளே இருட்டுக் குழி. மேலே, நாலாம் மாடி உயரத்தில் குழிக்குக் குறுக்கே போட்ட இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்து அவன் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் தெரிந்தன. படியில் ஏழெட்டுப் பேர் சாமான்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் முன்னாலா...

கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழிக்குள் மெதுவாகச் சொன்னாள்.

“நான்... அன்னைக்கு சொன்னது தப்பு.”

“யாருங்க? கேக்கல.”

“நான் சொன்னது தப்புன்னேன்.”

“மோட்டார் சத்தம். கொஞ்சம் சத்தமா.”

மோட்டார் ஓடவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கா தெரியாது. உலகத்தில் உள்ள எரிச்சல் அத்தனையும் தொண்டைக்கு வந்தது.

“உங்க டர்ன்டேபிள் சரி, அந்த ரெக்கார்டுதான் ஏறியிருக்கு, தலைவரோடது இறங்கியிருக்கு, என் காது தப்பு, நான் தப்பு, போதுமா?”

ஆறு மாடியும் அதைத் திருப்பிச் சொன்னது. தப்பு... தப்பு... தப்பு... அவள் வீட்டுப் பரம்பரை மொத்தமும் குழிக்குள் உருண்டு விழுந்துகொண்டிருந்தது.

சட்டத்தின் விளிம்பில் தலை ஒன்று கவிழ்ந்து எட்டிப் பார்த்தது. நெற்றியில் கிரீஸ். அதே கண்கள். எதிரொலி அடங்கும்வரை அவன் பேசவில்லை. அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

“அதைப் பிரிச்சுட்டேங்க.”

“எதை?”

“டர்ன்டேபிளை. நாலு தடவை. கோடு நிக்கத்தான் செய்யுது. ஆனா நீங்க வேகமா ஓடுதுன்னு சொன்னீங்களே... அப்ப எங்கயோ ஏதோ இருக்கணும்னு பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். நாலாவது தடவை சேர்க்கும்போது மூணு ஸ்க்ரூ மிச்சம். இப்ப ஓடவே மாட்டேங்குது.”

கண்ணெதிரே கோடு நிற்கிறது. அதைவிட இவள் சொன்ன சொல்லை நம்பி, நாலு வருட உழைப்பைத் திருகித் திருகிக் கழற்றியிருக்கிறான், முட்டாள்... இப்படி ஒரு முட்டாளை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்.

“உங்களுக்கு அறிவில்லையா?” என்றாள்.

“நீங்கதானே சொன்னீங்க.”

“நான் சொன்னா?”

“நீங்க சொன்னா பிரிச்சுடுவேன் போல. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது.” நெற்றி கிரீஸைப் புறங்கையால் துடைத்தான். “அன்னைக்கு வேற ஏதாவது தப்பா சொன்னீங்களா?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. தடுப்புக் கம்பியை நகத்தால் சுரண்டினாள்.

“மழையில... சுருதி சேராதுன்னு சொன்னேனே.”

“ஆமா.”

“அதுவும் தப்பு.”

“கேக்கலைங்க.”

படியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுமையிழந்து எழுந்தாள். “எங்களுக்கே கேட்டுருச்சுப்பா. அதுவும் தப்பாம். சீக்கிரமா சரின்னு சொல்லிட்டு இறங்கி வா, எனக்கு ஆறாவது மாடி.”

அவன் மேலே மறைந்தான். ஏதோ ஒரு திருகல், ஒரு முனகல்... கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படியில் இறங்கி வந்து, கையைத் துணியில் துடைத்தபடி அவளுக்கு எதிரே நின்றான். பொத்தானை அமுக்கினான். லிஃப்ட் வந்து நின்று மணியடித்தது. மணி லேசாக இறங்கியிருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

“சொல்லுங்க,” என்றான். “இதையும் பிரிச்சுடறேன்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“சரியாத்தான் இருக்கு,” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.