நல்ல தண்ணி

டெலிபோன் அலறியது!

எடுத்தார் மீன் கடைக்காரர்.

"வீட்டுல ஒரு பாடி கிடக்குங்க...!"

"யாரு பேசறது?"

"பல் டாக்டர். என் மனைவி உங்க கடையில ஜோடியா க்ளவுன் மீன் வாங்கினாளே... பெரிசு செத்துப் போச்சு. பொடிசுக்கு மேல்மூச்சு வாங்குது. ஆறு மணிக்கு அவ ஊர்லேர்ந்து வர்றா. மீனுக்கு ஏதாவது ஆச்சு, உங்களுக்கும் ஆகும்னு சொல்லிட்டுப் போயிருக்கா!"

மணி நாலு.

நாலே காலுக்குக் கடைக்காரர் ஹாலில் நின்றார். கண்ணாடித் தொட்டி. மணல் மேல், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சுப் பிணம்.

விசாரணை ஆரம்பம்.

"கொசு மருந்து அடிச்சீங்களா?"

"கொசுவையே அடிக்க மாட்டேன் சார்."

"சாப்பாடு?"

"அதுங்க சாப்பிட்டப்புறம்தான் நானே சாப்பிடுவேன்."

உப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தார் கடைக்காரர்.

முகம் வெளிறியது!

"உப்பு முப்பத்தஞ்சு இருக்கணும். நாப்பத்தாறு இருக்கு! உயிரோட கருவாடு போட்டிருக்கீங்க! தண்ணி குறைஞ்சப்போ என்ன ஊத்தினீங்க?"

"அவ எழுதி வெச்ச மாதிரிதான்..."

சீட்டை நீட்டினார் டாக்டர்.

'தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி மட்டும் ஊத்தவும்.'

"ஊத்தினீங்களா?"

"அவ ஊருக்குப் போன இருபது நாளும்! கடல் மீனுக்கு நல்ல தண்ணின்னா உப்புத் தண்ணிதானே? கரண்டி கரண்டியா அளந்து, கரைச்சு..."

கடைக்காரர் சோபாவில் சரிந்தார்.

"நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி சார்! ஆவியாப் போறது வெறும் தண்ணிதான். உப்பு தொட்டிக்குள்ளயேதான் உட்கார்ந்திருக்கும். அது மேல நீங்க இருபது நாள்..."

கொலைகாரன் கிடைத்துவிட்டான். போன் செய்ததே அவன்தான்!

"பொடிசையாவது காப்பாத்துங்க! ஒரு பக்கெட் நல்ல தண்ணி கொட்டிடவா?"

"கொட்டினா உடனே போயிடும்! தொட்டித் தண்ணியில ஒரு டம்ளர் எடுக்கணும். நல்ல தண்ணி ஒரு டம்ளர் ஊத்தணும். அரை மணி நேரம் சும்மா இருக்கணும். அப்புறம் அடுத்த டம்ளர்."

"சும்மா இருக்கற நேரத்துல நான் என்ன செய்யறது?"

"பார்த்துட்டிருங்க."

பார்த்தார்.

பொடிசின் செவுள் பட... பட... என்று அடித்தது. ஆயிரம் பல் பிடுங்கிய கை, ஒரு டம்ளர் தண்ணியைச் சொட்டுச் சொட்டாய் ஊற்றியது.

நாலாவது டம்ளரில் காலிங் பெல்!

மனைவி. தொட்டியைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"நான்தாம்மா கொன்னேன்..."

இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார் டாக்டர்.

விழவில்லை. விசும்பல்தான் கேட்டது.

"உங்களைப் பத்தித் தெரிஞ்சும் ஒரே வரியில எழுதிட்டுப் போனேனே... என்னைச் சொல்லணும். கொடுங்க இப்படி."

டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அதோ!" கத்தினார் கடைக்காரர்.

பொடிசு தள்ளாடி எழுந்து, கடைக்காரர் போட்ட இறால் துணுக்கைக் கவ்வியது!

டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "பிழைச்சுட்டான்... ஆனா பாவம், பெண்டாட்டி போய் ஒண்டிக்கட்டையா..."

"அழாதீங்க சார். இந்த மீன்ல பெரிசுதான் பொம்பள. அது செத்துட்டா, கூட இருக்கற ஆம்பள கொஞ்ச மாசத்துல தானே பொம்பளையா மாறிடும்!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாடா! கல்யாணமாகிப் பதினாறு வருஷம்... இந்த வீட்டுல மாறத் தெரிஞ்ச ஆம்பள ஒருத்தன் கிடைச்சுட்டான்!"