புரையேறிய வண்டி

மூக்குக்காகத்தான் கமர் ஜஹானை ஆசாத் கூட்டிக்கொண்டு போனான்.

கொரோனா வந்துபோனதிலிருந்து அவனுக்கு வாடை தெரியாது. பிரியாணியும் பினாயிலும் ஒன்றுதான். பெட்ரோல் கசிகிறதா, ஒயர் கருகுகிறதா என்று சொல்ல ஆள் வேண்டும். அதனால் பாலக்கரைப் பட்டறையை விட்டு வெளியே வேலைக்குப் போனால் ஸ்கூட்டரின் பின்னால் பெண்டாட்டியும் இருப்பாள். வாய்த்ததும் வாய்த்தது, ஊரிலேயே எதற்கெடுத்தாலும் அருவருக்கிற மூக்கு. அடுத்தவர் டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டாள். குழம்புக் கரண்டியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருந்தது அந்த வீடு. பக்கத்துத் தகரக் கொட்டகையில், உறை போர்த்திய பழைய வெளிநாட்டுக் கார். வீட்டுக்காரி பூரணியம்மாள் எட்டவே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் மஸ்கட்லேருந்து கப்பல்ல கொண்டாந்தது. ஸ்டார்ட் ஆகும். சூடானதும் இருமி இருமி நின்னுடும். வந்து பார்த்த மெக்கானிக்கெல்லாம் ஓடிட்டாங்க."

"வண்டி ஓடலன்னாலும் மெக்கானிக்காவது ஓடினாங்களே," என்றான் ஆசாத். பூரணியம்மாள் சிரிக்கவில்லை.

"நீங்க ஓட வச்சா நீங்களே எடுத்துட்டுப் போங்க தம்பி. வாசலை விட்டுப் போனா போதும்."

ஆசாத்தின் கண் பளபளத்தது. பூ சுற்றிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட இதைவிட வண்டி உண்டா? உறையை இழுத்தான். கமர் ஜஹான் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன வாடை வருது, சொல்லு கமரு."

"பெட்ரோல். அதுக்கு அடியில என்னமோ புளிச்ச வாடை."

"புளிச்சதா? பேட்டரியா?"

"பேட்டரி இல்லீங்க. திங்கிற சாமான்."

எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. சூடேறியதும் உடம்பு உதறிக் கரும்புகை கக்கி நின்றது. ஆசாத் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி கார்புரேட்டரின் வாயைக் காட்டினான்.

"இந்தத் தகடுதான் சோக். எஞ்சின் ஜில்லுன்னு இருக்கறப்ப மூடியிருக்கும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. சூடாக ஆக, பக்கத்துல இருக்கற சுருள் ஸ்பிரிங் தளர்ந்து தானா திறக்கணும். இது திறக்க மாட்டேங்குது. மூச்சு முட்டிச் சாகுது."

ஸ்பிரிங் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்தான். ஒரு குறையும் இல்லை. அப்படியானால் தகட்டின் அச்சு இறுகியிருக்கவேண்டும். கிளீனரைப் பீய்ச்சினான். கறுப்பாக வழிந்தது. பின்னாலேயே வெள்ளையாக ஒன்று வழிந்தது.

கமர் ஜஹான் குனிந்து பார்த்தாள்.

சோறு. தயிரில் குழைந்த சோறு. எச்சில் நூல்விட, நடுவில் மென்று துப்பிய நார்த்தங்காய்த் தோல்.

கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"எலி கொண்டாந்து வச்சிருக்கும்," என்றான் ஆசாத், துணியால் துடைத்தபடியே.

"மூடி போட்ட இடத்துலயா? நேத்து பிசைஞ்ச மாதிரி இருக்குங்க. வேணாங்க. வாங்க போயிடலாம்."

"வேலை முடிஞ்சுது கமரு. இப்பப் பாரு."

தகடு இப்போது விரல் பட்டாலே ஆடியது. எஞ்சினைக் கிளப்பினான். சூடேறச் சூடேற, தகடு மெல்லத் திறந்தது. ஆசாத் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

தகடு மெல்ல மூடிக்கொண்டது. சோற்றை வாங்கிக்கொண்ட உதடு மாதிரி.

எஞ்சின் இருமியது.

"பாரேன், புரையேறுது இதுக்கு," என்று சிரித்தான் ஆசாத். "யாரோ நினைக்கிறாங்க."

"அதைச் சொல்லாதீங்க," என்றாள் பூரணியம்மாள்.

அவள் முகம் வெளிறியிருந்தது. கேட்காமலேயே சொல்லத் தொடங்கினாள், காரைப் பார்த்தபடி.

"வையம்பட்டியில ஒரு கல்யாணம். திரும்பி வர்றப்ப ரோட்டோரமா நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டோம், தயிர்சாதமும் நார்த்தங்காயும். ஏசி வேணும்னு எஞ்சினை அணைக்கல அவர். திடீர்னு அவருக்குப் புரையேறிச்சு. நான் பின்சீட்லேருந்து தலையைத் தட்டி, யாரோ நினைக்கிறாங்கன்னேன். நாத்தனார், மூத்த பையன்தான் நினைப்பான்னு சொன்னா. இல்ல, சம்பந்தி அம்மாதான்னேன் நான். சரியான பேரைச் சொன்னா நின்னுடும்பாங்கல்ல? சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டு வந்தோம்."

"அப்புறம்?" என்றாள் கமர் ஜஹான்.

"நின்னுடுச்சு. இருமலோட மூச்சும்."

ஆசாத் அதைக் கேட்டானோ இல்லையோ. தகடு ஏன் மூடியது என்று பார்க்க முகத்தைக் கார்புரேட்டருக்கு மேலே கொண்டுபோனான்.

ஒரு தரம் இருமினான்.

மறுபடி இருமினான். கை தொண்டைக்குப் போனது. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. முகம் சிவந்து, கறுத்தது. வண்டி இருமும்போது அவனும் இருமினான். வண்டி திணறும்போது அவனும் திணறினான்.

"ஏங்க! என்னங்க ஆச்சு?"

முதுகில் ஓங்கி அறைந்தாள். பயனில்லை. சாவியைத் திருப்பிப் பிடுங்கினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

பூரணியம்மாள் எப்போது கிட்டே வந்தாளோ தெரியாது. ஆசாத்தின் உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருந்தாள், பழக்கத்தில், சிறு குழந்தைக்குத் தட்டுவதுபோல. "யாரோ நினைக்கிறாங்க... மூத்தவன் நினைக்கிறான்... சம்பந்தி நினைக்கிறாங்க..."

"கையை எடும்மா!"

அவளைத் தள்ளிவிட்டுக் கமர் ஜஹான் கார்புரேட்டரைப் பார்த்தாள். தகடு இறுக மூடியிருந்தது. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

அதைத் தொடுவதைவிடச் சாகலாம் என்று தோன்றியது. ஆனால் சாகப்போவது அவளல்ல.

பிஸ்மில்லாஹ் சொல்லி, விரலை உள்ளே விட்டாள்.

இரும்பு இல்லை அது. வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, சதையாக இருந்தது. சோறும் கோழையும் விரலைச் சுற்றி ஒட்டின. எதுவோ அவள் விரலைச் சப்பி உள்ளே இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, அடிநாக்கை அழுத்துவதுபோல அழுத்தினாள்.

தகடு திறந்தது.

பின்னால் ஆசாத் ஊளையிடுவதுபோல மூச்சை இழுத்தான். எஞ்சின் அடங்கியது. தரையில் அவன் துப்பியது கிடந்தது. நார்த்தங்காய்த் தோல். அன்றைக்குக் காலையிலிருந்து அவன் டீயைத் தவிர எதையும் தொடவில்லை.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

வீட்டில் கமர் ஜஹான் விரலை சோப்பால் கழுவினாள், எலுமிச்சையால் தேய்த்தாள், மண்ணெண்ணெயில் முக்கினாள். மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய்தான் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு, மஃரிப் தொழுது முடித்துக் கணவனுக்கு ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"கமரு, வீட்ல தயிர் ஏதாவது புளிச்சுப் போச்சா?"

"உங்களுக்கு வாடை தெரியுதா?"

"சூப்பு வாடை தெரியல. அது மட்டும் தெரியுது."

"என் விரல்லேருந்து வருதா? இன்னொரு தரம் கழுவிட்டு வரேன்."

அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தான். தலையை ஆட்டினான். எதையோ மென்று விழுங்குகிறவன் மாதிரி ஒரு முறை எச்சிலை விழுங்கினான்.

"உன் கையிலேருந்து இல்ல," என்றான். "என் தொண்டையிலேருந்து வருது."

பிறகு மெல்ல, ஒரே ஒரு தரம் இருமினான்.

அவன் தலையைத் தட்டப் பழக்கத்தில் எழுந்த அவள் கை, பாதியிலேயே நின்றது.