ஏழாவது பல்பு

செல்லசாமி கழற்றியது ஆறு பல்பு. இருண்டு கிடந்ததோ ஏழு இடம்.

நுவரெலியாவில் சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஆனி மாதம். ஹோட்டல் மேல்மாடி நடையில் எரிந்தவை பன்னிரண்டு பல்பு. கரண்ட் பில்லைக் கண்டு தூக்கம் கெட்ட மனேஜர் றோலண்ட் துரை, ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றச் சொன்னார். ஏழாவது பல்பு எங்கே போனதென்று தனக்கே தெரியாது என்று செல்லசாமி வாயைத் திறக்கவில்லை. திறப்பாரா? "சொன்னதுக்கு மேல செஞ்சிருக்கியே!" என்று துரை தோளில் தட்டியபோது, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிவிட்டு வந்தவராயிற்றே!

"உள்ளதச் சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றாள் மனைவி பூரணி.

"சொன்னா திருடன்னு லிந்துலைத் தோட்டத்துக்கே தொரத்துவாரு. அங்க லயத்துல நாம குடியிருக்கன்னு ஒரு காம்பரா காலியா வச்சிருக்காங்களாக்கும்!"

ஏணி பிடிக்கிற செபமாலையைப் போன வாரமே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஒரு ஏணிக்கு எதற்கு இரண்டு ஆள் என்பது துரையின் சிக்கனம்.

மறுநாளே துரை கூப்பிட்டார். "மீட்டர் பாதியாகல. இன்னும் மூணு கழட்டு. இல்லேன்னா செபமாலை போன வழிதான் உனக்கும்."

நாலு மணிக்கே பனிமூட்டம் ஜன்னல்களை அடைத்திருந்தது. ஈரக் கம்பளத்தின் நாற்றமும், எங்கோ தகரத்தில் சொட்டும் மழையும், ஆளில்லாத அறைகளுக்குள் பலகை நெளியும் சத்தமும் கூடவே வர, பத்துப் படி ஏணியைத் தோளில் சுமந்து செல்லசாமி நடந்தார். வெளிச்சத்தில் அவர் காலடி மட்டும் கேட்டது. இருட்டில் இன்னொன்றும் கேட்டது. எலி என்று சொல்லிக்கொண்டார். எலி இப்படியா வெறுங்காலை ஊன்றி நடக்கும்?

ஏணியைச் சாத்தி உச்சிப்படி வரை ஏறினார். பல்பை அமுக்கித் திருகினார். விரல் சுட்டது. சுற்றிலும் இருட்டு விழுந்தது.

முன்பெல்லாம் செபமாலை நாலைந்து படி ஏறி வந்து வாங்கிக்கொள்வான். பழக்கம் விடுமா? குனிந்து பாராமலே, "இந்தாடா" என்று இடுப்புப் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டார்கள்.

பதமாக. சத்தமில்லாமல்.

ஏணி ஆடவில்லை. யாரும் ஏறவில்லை.

இன்னும் இரண்டு பல்பு. இரண்டே இரண்டு. கழற்றினால் வேலை நிலைக்கும்.

குனிந்தார்.

அடுத்த பல்பின் வெளிச்சம் ஏணிக்கால் வரைக்கும்தான் வந்திருந்தது. அங்கே, கம்பளத்தின் மேல், இரண்டு வெறும் பாதம். அங்கிருந்து பத்துப் படி உயரமும் நீண்டு வந்த ஒரு கை, அவர் இடுப்பருகில், விரித்தபடி காத்திருந்தது.