குளத்தில் மிதந்த சாம்பல்

காலை 11.40.

ஐவி டப்பாவைச் சாய்த்துப் பாதியைக் குளத்தில் கொட்டினாள். சாம்பல் முங்கவில்லை. கரித்துண்டுகளோடு நீரில் மிதந்து கரைக்கே திரும்பி வந்தது. டப்பாவில் மீந்திருந்த சாம்பலில் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தது.

"இது கீத் இல்ல. அவர ஒரு பிளாஸ்டிக் பையில முடிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. பையோடதான் இதுல வச்சேன். அழுத கண்ணோட, பை இல்லாதத கவனிக்காமலே கொட்டிட்டேன்."

டாஸ்மேனியாவில் ஏப்ரல், இலையுதிர் காலம். ஃபேகஸ் மரங்களின் இலைகள் செம்பு நிறத்தில் பழுத்திருந்தன. வருஷா வருஷம் இதைப் பார்க்க நடைக் குழுவை மலைக்குக் கூட்டிவந்தவர் கீத். இந்தக் குளத்தில்தான் தன் சாம்பலைக் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்திருந்தார். மனைவி ஐவியோடு குழுவினர் மூவர் வந்திருந்தார்கள்.

"அவர் கிடைக்காம நான் வீட்டுக்குப் போகல," என்று ஐவி பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூவரில் ஒருத்தி மெர்ல். முப்பது வருஷம் விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டவள். அற்பத்தனம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் செத்த மனுஷனிடமுமா?

11.55.

ஐவிக்கு முட்டிவலி என்பதால் டப்பாவை மற்ற இருவரும் பாதிப் பாதி வழி சுமந்திருந்தார்கள். மெர்ல் முதலில் கிளெமைக் கூப்பிட்டாள்.

"நீ எதுவரைக்கும்?"

"வண்டிய நிறுத்தின இடத்துலேர்ந்து பாதி வழில இருக்குற நம்ம குடில் வரைக்கும். ஒன்பதரைக்கு இறக்கினேன்."

"கனமா?"

"மூணு கிலோ இருக்கும். தோளு பிஞ்சு போச்சு."

"குடில்ல?"

"டப்பாவோட மூட்டைய உள்ள போட்டுட்டு பின்பக்கம் வெயில்ல டீ குடிச்சோம். அரை மணி நேரம் ஆளாளுக்கு உள்ள போயி வந்துட்டுத்தான் இருந்தோம்."

அடுத்தவன் ரஸ்ஸல், குழுச் செயலாளன். மூட்டையின் பாரம் குறைய வேண்டும் என்று பல் துலக்கும் பிரஷின் காம்பையே பாதியாக அறுத்தவன். காலையில் டப்பாவைச் சுமக்க முதல் ஆளாய்க் கை தூக்கியதும் அவன்தான். அதைப் பார்த்து ஐவி அழுதே விட்டாள்.

"குடில்லேர்ந்து நீதானே?"

"நானேதான். பத்து மணிக்குத் தூக்கினது, வழில இறக்கவே இல்ல. நேரா ஐவி கையிலதான் குடுத்தேன்."

"கனம்?"

"கிளெம் சொன்ன அதே மூணு கிலோதான். ஏத்தத்துல மூச்சு வாங்கிருச்சு. மனுஷன் செத்தும் என்னைய விடல."

அவனே சிரித்துக்கொண்டான்.

"குடில்ல எவனோ மாத்தியிருக்கான். கிளெமுக்கும் கீத்துக்கும் போன வருஷம் சண்டை நடந்துச்சே, மறந்துட்டீங்களா?"

கிளெமின் முகம் வெளுத்துப்போனது.

12.10.

மெர்ல் டப்பாவை ஐவியின் கையில் வைத்தாள்.

"பாதி மிச்சம் இருக்கு. எவ்ளோ கனம்?"

"ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

"முழுசா இருந்தாலும் ஒரு கிலோ வராது. குடில் அடுப்புச் சாம்பல். அங்கதான் பழைய பலகைய எரிக்கிறோம், ஆணியும் சேர்ந்து கிடக்கும்." ரஸ்ஸலின் பக்கம் திரும்பினாள். "வழியில அடுப்பு ஏது? மாத்தினது குடில்ல. அதுக்கப்புறம் நீ சுமந்தது இந்தப் பஞ்சு. வேற எவனாவது மாத்தியிருந்தா, தூக்கின கையோட 'என்ன இவ்ளோ லேசா இருக்கு'ன்னு கேட்டிருப்ப. பிரஷ் காம்போட எடையே உனக்குத் தெரியும். நீ மூணு கிலோங்குற."

ரஸ்ஸல் இலைகளைப் பார்த்தான்.

"செங்குத்தான ஏத்தம், மெர்ல். எனக்கு முதுகு வேற சரியில்ல. அவருக்கு என்ன தெரியவா போகுது?"

"தூ. இதுக்கா காலைல கை தூக்கின? எங்க போட்ட?"

"வெளிய போட்டா யாராவது பாத்துருவாங்கன்னு..."

"எங்க?"

"குடில் கழிப்பறைக் குழில."

கிளெம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். ஐவி மட்டும் எழுந்து நின்றாள்.

"பையோடயா?"

"பையோடதான். முடிச்ச அவுக்கல."

"அந்தக் குழிய வெட்டினதே கீத்துதான். எட்டடி. குடிலுக்கு அடியில ஏணி போட்டு வச்சிருக்காரு. நட."

மதியம் 1.50.

கழிப்பறையின் பின்பக்கப் பலகையைக் கழற்றிக் குழிக்குள் ஏணியை இறக்கினார்கள். ரஸ்ஸல் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான். நாற்றம் மரங்கள் வரைக்கும் வந்தது.

"ரெண்டு கையாலயும் தூக்கு," என்றாள் ஐவி, குழியின் விளிம்பில் நின்று. "ஓடைல கழுவு. அப்புறம் மறுபடி மேல தூக்கிட்டு வர்றதும் நீதான். நான் பின்னாலயே வருவேன்."