கதவு தெரியாத மலை

எல்லாப் பாறைகளும் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது.

சித்தூர் ரோட்டில், திருப்பதிக்குச் சற்று முன்னால், வெயிலே நுழையாத கட்டடத்துக்குள் மலையும் அருவியும் நீலம் பூசிய வானமும் வேண்டுமென்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய முதலாளி கேட்டபோது, அந்தத் தண்ணீர்ப் பூங்காவை வரைந்து கொடுத்தவர் கோவர்த்தனன். நீராவி தேங்கிக் கூரை சொட்டும், குளோரின் நெடி மூக்கை அரிக்கும். எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தார். உள்ளே கூடான சிமென்ட் மலைக்குள் போய்வர வைத்த கதவு மட்டும் கண்ணை உறுத்தியது.

"மலைக்கு ஏதுங்க கதவு?" என்று முதலாளி சிரித்தார். அன்றைக்கே கதவை மறைத்துக் கம்பிவலை அடித்துப் பூசச் சொல்லிவிட்டார் கோவர்த்தனன். உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் குடுபல்லி ஊரிலிருந்து வந்த கொத்தனார் சின்னப்பன் வேலைக்கு வரவில்லை. பெங்களூரில் கூலி அதிகம், சொல்லாமல் கொள்ளாமல் போயிருப்பான் என்றார்கள். அப்புறம் மலைக்குள் தட்டும் சத்தம் கேட்டது. குழாயில் காற்று என்று சொன்னவர் கோவர்த்தனன்தான். பாவி மனுஷன், தெரிந்தேதான் சொன்னார். உடைத்தால் திறப்பு விழா நின்றுவிடும், பேர் கெட்டுவிடும். சில நாளில் சத்தம் அடங்கியது. நாற்றத்தைக் குளோரின் மூடியது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

புருஷனைத் தேடி வந்த செங்கம்மா, அங்கேயே துடைக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள். இப்போது கதவைப் பூசி மறைத்த இடத்தில் வியர்க்கும் அந்தப் பாறையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது.

"யாருகிட்டம்மா பேசறே?" என்று கேட்டார் அங்கே வந்த கோவர்த்தனன்.

"எங்க வூட்டுக்காரரு கிட்ட சார். உள்ள ரொம்ப புழுக்கமா கீதாம்."

அவள் பக்கம் நெருங்கினார். பாறையில் கை ஊன்றினார். இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

"செங்கம்மா, நான் தெரிஞ்சேதான்..."

"அத்த அவரு கிட்டயே சொல்லுங்க சார். காத்துக்கினு கீறாரு."

பாறை இளகியது. ஈரச் சிமென்ட். மணிக்கட்டு வரை.

இழுத்தார். வரவில்லை.

உள்ளே விரல்கள். நகமில்லாத விரல்கள். அவர் விரல்களோடு கோத்துக்கொண்டன.

"செங்கம்மா!"

அவள் வாளியில் கையை நனைத்தாள். அவருடைய முழங்கை புதைந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினாள்.

"ஆடாம நில்லுங்க சார். பூச்சு தெரியக் கூடாதுல்ல?"

அடுத்து தோள்.