பூட்டாத ஊர்

வின்னிபெக்கிலிருந்து இரண்டு நாள் ரயில். ஹட்சன் விரிகுடாக் கரையில் இறங்கியபோது மரிவிக் காத்திருந்தாள். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் நாங்கள் ஒரே வகுப்பு. இங்கே அவள் ஓட்டல் சமையல்காரி.

"கருவாடு கொண்டாந்தியா, லூர்டெஸ்?"

"ரயில் பூரா அந்த நாத்தம்தான்."

"கரடி மோப்பம் புடிச்சு வந்தா உன்னத்தான் முதல்ல தள்ளிவிடுவேன்."

சிரித்தோம். சட்டென்று இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

இந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பனிக்கரடி துரத்தினால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம். போன நவம்பரில் நான் முதல்முறை வந்தபோதே சொல்லியிருந்தாள். அப்போது ஒரு சாயங்காலம் அவள் வேலைக்குக் கிளம்பியதும் குளிக்கப் போனேன். மணிலாவில் பத்து வருடம் தனியறையில் இருந்தவள் நான். போகிற போக்கில் கதவுக் கைப்பிடியின் பூட்டுப் பொத்தானை விரல் அழுத்திவிட்டது.

குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் யாரோ கரடியை விரட்டத் துப்பாக்கி வெடித்த பிறகுதான் ஓடிவந்து கதவைத் திறந்தேன். திருப்பியதும் பொத்தான் தானாக விடுபட்டது. படியில் பக்கத்து வீட்டு எலைஜா தாத்தாவின் ஒற்றைக் கையுறை. பனியில் அவரைக் கரடி இழுத்துப்போன தடம்.

அவர் எங்கள் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் கண்டிருந்தாள். போலீஸ் கேட்டபோது, ஓட்டலிலிருந்து ஓடிவந்த மரிவிக் முந்திக்கொண்டாள். "கிளம்புற அவசரத்துல நான்தான் அழுத்திட்டேன் போல."

நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கதவில் பூட்டே இல்லை. நான்கு மணிக்கு இருட்டியது. சாப்பிட உட்கார்ந்தோம். கருவாட்டு வாசனையை மீறி ஈர ரோமத்தின் வாடை வந்தது.

கைப்பிடி பாதி திரும்பியது.

நின்றது.

மறுபடி திரும்பியது.

"யாருடி?"

"அவர்தான். தினமும் இந்த நேரம்." கதவைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "தொறந்துதான் இருக்கு தாத்தா. வாங்க."

கதவு அசையவில்லை.

"பூட்டையே கழட்டிட்டேன். அப்பவும் அவருக்குத் தொறக்க மாட்டேங்குது. கடையில ஒருத்தரும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல." தட்டைத் தள்ளி வைத்தாள். "லூர்டெஸ், அன்னிக்கு நான்தானே அழுத்தினேன்?"

இல்லை, நான்தான் என்று சொல்லத்தான் இரண்டு நாள் ரயிலில் வந்திருந்தேன்.

"அவசரத்துல கை பட்டிருக்கும்," என்றேன்.

கைப்பிடி நின்றுவிட்டது.

வின்னிபெக் திரும்பிய மூன்றாம் நாள் மாலை மரிவிக் போன் செய்தாள். "நீ போனதுலேருந்து அந்தச் சத்தமே இல்லடி. நாலஞ்சு நாளா நல்லாத் தூங்குறேன். ஏதாவது வேண்டிக்கிட்டியா?"

நான் இருப்பது பதினோராவது மாடி. அந்த நவம்பருக்குப் பிறகு நானும் கதவைப் பூட்டுவதில்லை.

ஈர ரோமத்தின் வாடை.

கைப்பிடி பாதி திரும்பி நின்றது. மறுபடி திரும்பியது.

"தொறந்துதான் இருக்கு," என்றேன்.

"யார்கிட்டடி பேசுற?" என்றாள் மரிவிக்.

கதவு திறக்கவில்லை.