ஏசாவின் வம்சத்தில் ஒரு கீறல்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். சிகாகோ குளிர் கேட்காமலே உள்ளே வந்துவிடும். இன்றைக்கு ஒரு கீறலின் கதை. கடுகளவு கீறல்தான்.

எங்கள் யூதப் பள்ளியில் எல்லா வகை யூதர்களும் உண்டு. ஆணும் பெண்ணும் தனித்தனியே தொழுது, ஆண்கள் மட்டுமே ஓதுகிறவர்கள் ஓர் அறை, கலந்து தொழுகிறவர்கள் இன்னோர் அறை. ஆனால் வேதச் சுருள் ஒன்றே ஒன்று. திங்களும் வியாழனும் ஒரு கூட்டம் ஓதி முடித்ததும் மற்றக் கூட்டம் வாங்கிக்கொள்ளும்.

வியாழன், காலை 7.40.

முதல் கூட்டத்தை நடத்தும் மதகுரு, ரப்பி காட்ரியல் சோமர், முதல்வர் பாண்டியின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார். சுருளில் ஓர் எழுத்து சுரண்டப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்து சிதைந்தாலும் அந்தச் சுருளை ஓதக்கூடாது.

"திங்கக்கிழமை கடைசியா ஓதினது யாரு?"

"ஷிஃப்ரா கெஸ்லர்" என்றார் முதல்வர். அவள்தான் கலந்த கூட்டத்தின் ஆசிரியை.

"வரி காட்டுற வெள்ளிக் குச்சியை அழுத்தி இழுத்திருக்கா. பொம்பளை கையில குடுக்காதீங்கன்னு இத்தனை வருஷம் நான் வாய் திறந்ததில்ல. இப்பத் திறக்கறேன். அவ இருந்தா என் கூட்டத்துல அறுபது குடும்பம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடும்."

நண்பகலில் நிர்வாகக் குழு கூடும், அவளை வேலையைவிட்டு நீக்கும் என்று முடிவாயிற்று.

காலை 8.30. நூலகம்.

ஷிஃப்ரா அழவில்லை. கையுறையைக் கழற்றவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்பது வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி ரப்பி வீட்டு மேஜையிலதான் சாப்பாடு. என்னை ஒரு வார்த்தை கேட்கல நெகாமா. சுருளைக்கூடக் காட்டல."

நெகாமா லிஃப்ஷிட்ஸ் நூலகக்காரி. எந்தப் புத்தகத்தில் எந்தப் பிள்ளை ஊறுகாய் சிந்தியது என்று முகர்ந்தே சொல்லுவாள்.

"திங்கக்கிழமை எதை ஓதின கண்ணு?"

"யாக்கோபு அண்ணன் ஏசாவைப் பாக்கப் பயந்துக்கிட்டு ஆள் அனுப்புற இடம். இந்த வாரப் பாடத்தோட ஆரம்பம்."

காலை 9.15. தொழுகை அறை.

சுருள் மேஜையில் விரிந்து கிடந்தது. கீறலின் ஓரத்தில் மைத்துகள் இன்னும் ஒட்டியிருந்தது.

"எப்பப் பாத்தீங்க ரப்பி?" என்று கேட்டாள் நெகாமா.

"ஓதறதுக்குத் திறந்தேன். திறந்ததுமே கண்ணுல பட்டுது."

"உருட்டினீங்களா?"

"ஒரு சுத்துகூட இல்ல. திங்கக்கிழமை அவ விட்ட இடத்துல அப்படியே இருக்கு. ஓய்வுநாள்னு பாக்காம சனிக்கிழமை கார் ஓட்டுற நீங்க எனக்குச் சுருள் பாடம் நடத்த வந்தீங்களாக்கும்."

"ஓட்டுறேன். ஆனா சிவப்பு விளக்குல நிப்பேன்."

நெகாமா குனிந்து கீறல் விழுந்த பத்தியை முணுமுணுத்துப் படித்தாள். பேர், பேர், பேர். ஏசாவின் வம்ச வரிசை, இந்த வாரப் பாடத்தின் கடைசி. பிறகு மரக்கைப்பிடியை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினாள். ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினாள்.

காலை 11.50. முதல்வர் அறை. ரப்பியும் ஷிஃப்ராவும் வந்திருந்தார்கள்.

"எல்லாரும் கீறலைப் பாத்தோம்" என்றாள் நெகாமா. "அது எங்க இருக்குன்னு யாரும் பாக்கல. திங்களும் வியாழனும் பாடத்தோட முதல் பகுதியை மட்டும்தான் ஓதுறோம். ரெண்டு நாளும் அதே பகுதி. மிச்சம் சனிக்கிழமை ஜெபக்கூடத்துல. அன்னிக்கு நமக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. ஷிஃப்ரா நிறுத்தின இடத்துலேர்ந்து கீறலுக்கு அஞ்சு பத்தி உருட்டணும். உருட்டவே இல்லைன்னீங்களே ரப்பி, அப்புறம் எப்படிக் கண்ணுல பட்டுது?"

ரப்பி ஓரடி பின்வாங்கினார்.

"முதல் பகுதியில கீறியிருந்தா உங்களைச் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன். ஆனா அங்க அழிக்கவே கூடாத கடவுளோட பேர் இருக்கு. வம்ச வரிசையில ஒரு இடத்துலகூட இல்ல. அந்தப் பேர்கிட்டக் கத்தி கொண்டுபோக உங்க கை வரல. ஷிஃப்ராகிட்டக் கொண்டுபோக வந்துது."

முதல்வர் நாற்காலியைவிட்டு எழுந்தார். ரப்பி ஷிஃப்ராவைப் பார்த்தார்.

"என் மக அயேலெட் ரெண்டு மாசமா உங்கிட்ட ஓதக் கத்துக்குறா. என் மேஜையில, எனக்கு நேரா உக்காந்து சாப்பிட்ட. ஒரு தடவை சொன்னியா?"

"அவளே சொல்றேன்னா. உங்க பிறந்தநாளுக்கு ஓதிக் காட்டணும்னு ஆசைப்பட்டா."

ரப்பி தொப்பியைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் குழு கூடியிருந்த அறைக்குத் தானே நடந்துபோனார். ஷிஃப்ராவின் வேலை நிலைத்தது. அவருடைய வேலை போயிற்று.

ஞாயிறன்று எழுதுகோலோடு ஒருவர் வந்து கால்மணி நேரத்தில் எழுத்தைச் சரிசெய்துவிட்டார். அடுத்த வெள்ளி இரவு சோமர் வீட்டில் அயேலெட் பழக்கத்தில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள். யாரும் அதை எடுக்கவுமில்லை, அதில் பரிமாறவுமில்லை.

போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு மேஜையில் ரொட்டி பிட்டுக் கொடுக்கிற கை, நீங்கள் திரும்பி நிற்கும்போதும் அதே கையாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் வைத்த தட்டு எதுவும் வெறுமையாக இருக்க வேண்டாம்.